ஒரு நொடி மிச்சம்

வலது கையால் சாப்பிட்டுக்கொண்டே இடது கட்டைவிரலால் என் கணவர் போனை அழுத்திக்கொண்டிருந்தார். ஒரு வாய் உள்ளே போகும், ஓர் அழுத்தல். தட்டில் என்ன இருக்கிறது என்று யாராவது கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பார். நான் அன்று விடுப்பில் இருந்ததால் கண்ணில் பட்டது. இல்லாவிட்டால் இந்தக் கூத்து எனக்குத் தெரிந்தே இருக்காது.

"அப்படி என்னதான் அந்தப் போன்ல?"

"ஏலம். குட்டிமாவுக்கு லேப்டாப்."

நிமிராமலே விளக்கினார். முதலில் பணம் கட்டிப் புள்ளிகள் வாங்கவேண்டும். ஒவ்வொரு அழுத்தலுக்கும் ஒரு புள்ளி போய்விடும். அழுத்தினால் விலை கொஞ்சூண்டு ஏறும், கடிகாரம் திரும்பவும் பதினைந்து நொடிக்குப் போகும். அது பூஜ்யத்தைத் தொடும்போது கடைசியாக அழுத்தியவருக்கு லேப்டாப், ஒரு சட்டை விலையில். மற்றவர்கள் போட்டது போட்டதுதான். திரையில் இவர் பெயர் 'குட்டிமா அப்பா'. எதிரே இன்னும் இரண்டே பேர், 'தங்கமீன்', 'வெற்றி நூறு'.

"ரெண்டு பேரும் களைச்சுட்டாங்கன்னா நமக்குத்தான்," என்றார்.

மருத்துவமனையில் காது கேட்கும் திறனைச் சோதிக்கும் அறையில் எனக்குப் பதினான்கு வருடமாக வேலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒருவர் காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருப்பார். சத்தம் கேட்டால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்தவேண்டும். மனிதர்கள் பொத்தான் அழுத்துவதைப் பார்த்துப் பார்த்தே எனக்குக் கண் பூத்துவிட்டது. ஒருமுறை சட்டென்று அழுத்துவார்கள், ஒருமுறை யோசித்து. இருமினால் தாமதம், மூக்கைச் சொறிந்தால் தாமதம். ஒரே சீராக அழுத்துகிற மனிதரை நான் பார்த்ததே இல்லை. என் கணவரும் அப்படித்தான், ஏழு நொடி மிச்சமிருக்கையில் ஒன்று, மூன்றில் ஒன்று, புரையேறியபோது இரண்டில் ஒன்று. தங்கமீன் மட்டும் எப்போதும் ஒரு நொடி மிச்சம் இருக்கும்போது அழுத்தினான். வெற்றி நூறும் அதே ஒரு நொடியில். ஒரு தடவைகூடப் பிசகவில்லை.

காது கேட்பதில் பொய் சொல்கிறவர்களைக் கண்டுபிடிக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. சத்தமே கொடுக்காமல் சும்மா இருப்போம். ஒன்றுமே இல்லாதபோதும் பொத்தான் அழுத்தப்பட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

"அஞ்சு நிமிஷம் தொடாதீங்க. சும்மா பாருங்க."

"அஞ்சு நிமிஷமா? விளையாடறியா?"

போனைப் பிடுங்கி மேசைமேல் வைத்தேன். அவர் விரல்கள் காற்றிலேயே துடித்தன. தங்கமீன், ஒன்று. வெற்றி நூறு, ஒன்று. தங்கமீன், ஒன்று. இவரில்லாமலே அவர்கள் இரண்டு பேரும் ஏலத்தை அணையவிடாமல் பார்த்துக்கொண்டார்கள்.

"பாத்தீங்களா? ரெண்டு பேருக்கும் ஒரு தும்மல்கூட வரலை. இது ஆளில்லைங்க. ஏலம் நடத்தறவனே வச்சிருக்கற மெஷின். உங்க புள்ளி தீர்ற வரைக்கும் அது விடாது."

அவர் எச்சில் கை காய்ந்து போயிருந்தது. வெகுநேரம் பார்த்துவிட்டு, "தெரியுது," என்றார். ஒப்புக்கொண்டாரே என்று மூச்சு விட்டேன். "ஆனா இவ்வளவு தூரம் வந்தாச்சேம்மா. மெஷினும் ஒரு தடவை தப்பு பண்ணாதா?"

தெரியாதவருக்குச் சொல்லிப் புரியவைக்கலாம். இவருக்குத் தெரிகிறது.

"இது எப்போ ஆரம்பிச்சது?"

"காலைல ஆறரைக்கு."

ஏழு மணிக்குப் பள்ளி வேனை எடுத்தவர் இவர். பதினாறு பிள்ளைகள். அதில் ஒன்று எங்களுடையது, ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் உட்காருவாள்.

"வண்டி ஓட்டும்போதுமா?"

எழுந்துபோய்க் கை கழுவினார். தண்ணீர் விழும் சத்தத்துக்கு நடுவே, "சிக்னல்ல மட்டும்," என்றார்.

பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவரக் கிளம்பியவரிடம், போனை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லிக் கெஞ்சினேன். வேன் தாமதமானால் பெற்றவர்கள் கூப்பிடுவார்கள், போன் இல்லாமல் எப்படி என்றார். நியாயம்தான். நானும் கூட வருகிறேன் என்றேன். "என்னை நம்பலையா? குட்டிமா மேல சத்தியம், தொடமாட்டேன்." கண் கலங்கியிருந்தது. சத்தியம் செய்தவரை நம்பாமல் வண்டியில் ஏறி உட்கார்ந்தால் அவர் மனம் நொந்துபோகும் என்று பயந்து வாசலிலேயே நின்றுவிட்டேன். அந்த நேரத்தில் அதைப் போய் ஒரு பயம் என்று நினைத்தேனே.

அந்த ஏலத்தை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், அழுத்தத்தான் பணம். என் போனில் திறந்துவைத்தேன். மணி இரண்டரை, மூன்று, அவர் பெயர் வரவில்லை. காய்ந்த துணிகளை மடித்தேன். மூன்று இருபத்திரண்டுக்கு 'குட்டிமா அப்பா' என்று வந்தது, ஐந்து நொடி மிச்சம்.

பள்ளிக்கூடத்துக்குப் போன் போட்டேன். "வேன் கிளம்பி அஞ்சு நிமிஷம் ஆச்சே மேடம்," என்றாள் அலுவலகப் பெண். "ஏதாவது பிரச்சினையா? அவர் நம்பருக்குக் கூப்பிடட்டுமா?"

"ஐயோ வேண்டாம்! கூப்பிடாதீங்க!" என்று அலறிவிட்டேன். அடித்தால் அதே போனைத்தான் எடுப்பார், அதே கையால்.

செருப்பு மாட்டித் தெருவுக்கு வந்தேன். எந்தப் பக்கம் ஓடுவது? வேன் எந்தத் தெருவில் இருக்கும்? ஓடவும் முடியாமல் திரையை விடவும் முடியாமல் மதிலில் சாய்ந்து நின்றேன். அவர் விரலை எனக்குத் தெரியும். ஒன்பது நொடி மிச்சத்தில் வந்தால் சிக்னலில் நிற்கிறார். நான்கில் வந்தால் வண்டி ஓடுகிறது. இரண்டில் வந்தால் ஏதோ வளைவு, அதில் இரண்டு கையும் வேண்டியிருந்தும் ஒன்றை எடுத்திருக்கிறார். ஒன்பது. நான்கு. நான்கு. இரண்டு.

பிறகு வரவில்லை.

வெற்றி நூறு, ஒன்று. தங்கமீன், ஒன்று. போனைக் கீழே வைத்துவிட்டார் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புள்ளி தீர்ந்திருக்கும். குட்டிமா பின்னாலிருந்து, "அப்பா, ரோட்டைப் பாரு," என்று அதட்டியிருப்பாள், அவளுக்கு வாய் அதிகம். ஒரு நிமிடம் போயிற்று. மூன்று நிமிடம். தெருக்கோடியில் ஹாரன் சத்தம் கேட்டுத் திரும்பினேன், வேறு ஏதோ வண்டி. தொடாதீங்க, தொடாதீங்க என்று மத்தியானம் உயிரை விட்டவள், ஒரே ஒரு தடவை அழுத்துங்க, ஒரே ஒரு தடவை என்று அந்தத் திரையிடம் வாய்விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

தங்கமீன், ஒன்று. வெற்றி நூறு, ஒன்று. கடிகாரம் பதினைந்திலிருந்து மறுபடியும் இறங்க ஆரம்பித்தது.