நான்காவது ஸ்க்ரூ

1

அறிக்கை எழுதத்தான் உட்கார்ந்தேன். நான்கே வரி: என்ன பழுது, எப்படிச் சோதித்தேன், சரியாயிற்றா, காரணம் என்ன. மூன்று வரி மளமளவென்று வந்துவிட்டது. நான்காவதில் பேனா நின்றது. அறிக்கைதான் வரவில்லை, கதையாவது வரட்டும் என்று தாளைத் திருப்பிப் போட்டு எழுதுகிறேன். நைரோபியில் பதினெட்டு வருடமாகக் கேமரா பழுது பார்க்கிறவன் நான். பெயர் ஒகெயோ. ஆனால் பழுது பார்க்கிற எல்லோரையும் போல எனக்கும் ஊர் வைத்த பெயர் ‘ஃபுண்டி’தான்.

2

முதல் தொடக்கம்: ‘பர்சலோய் பொய் சொல்கிறான் என்பது அவன் நடையிலேயே—’

வேண்டாம். [மசாய் மாரா காட்டிலிருந்து அத்தனை தூரம் மட்டாட்டு வேனில் நசுங்கி வந்தால் யார் நடையும் அப்படித்தான் இருக்கும்.]

இரண்டாம் தொடக்கம்: ‘மூன்றரைக் கிலோ லென்ஸ் தானாகக் கெடுவதில்லை.’

இது நன்றாக இருக்கிறது. அதனால்தான் எனக்கே சந்தேகமாக இருக்கிறது. யாரோ கீழே போட்டார்கள் என்பதைச் சொல்லாமலே சொல்லிவிடுகிறது. நான் அப்படி எழுதினேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

3

நடந்தது இதுதான். பர்சலோய் மாராவில் ஒரு முகாமின் வழிகாட்டி. வண்டி ஓட்டி, விருந்தாளிகளுக்குச் சிங்கம் காட்டுவது வேலை. போன வாரம் ஒரு சிறுத்தை குட்டிகளோடு பாதையைக் கடக்கும்போது, முகாமின் பெரிய லென்ஸ் கேமராவோடு பேச்சை நிறுத்திவிட்டது. திரையில் ‘லென்ஸ் தொடர்புப் பிழை’. படம் போன ஆத்திரத்தில் விருந்தாளி, வழிகாட்டிதான் கீழே போட்டிருக்க வேண்டும் என்று புகார் எழுதிக் கொடுத்தார். மேலாளர் ஞாவிரா அம்மா வண்டிச் சாவியைப் பிடுங்கி, அவனை முகாம் வாசல் கேட்டில் காவலுக்கு நிறுத்திவிட்டார். லென்ஸையும் கேமராவையும் அவனிடமே கொடுத்து என் கடைக்கு அனுப்பியிருக்கிறார். என் அறிக்கை வரும்வரை சாவி கிடையாது. அவன்தான் போட்டான் என்று நான் எழுதினால் இனி என்றைக்குமே கிடையாது.

“போட்டியா?” என்றேன்.

“ஃபுண்டி, நான் நடக்கப் பழகினதுலேர்ந்து ஆட்டுக்குட்டி தூக்குறவன். எதை எங்க புடிக்கணும்னு எனக்குத் தெரியாதா? லென்ஸுக்கு அடியில கால் மாதிரி இருக்கே, அதைப் புடிச்சுத்தான் தூக்குவேன். கேமராவைப் புடிச்சுத் தொங்க விடுறது விருந்தாளிங்கதான்.”

“எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க.”

“எல்லாரும் கேட்டைத் தொறந்து மூடிக்கிட்டா நிக்கிறாங்க? நேத்து என் மச்சான் வண்டியில வந்து எனக்கு சல்யூட் அடிச்சுட்டுப் போறான்!”

[சிரித்துவிட்டேன். சந்தேகப்படுகிற ஆளைப் பார்த்துச் சிரிக்கக் கூடாது, கதை கெட்டுவிடும்.]

4

லென்ஸும் கேமராவும் தொட்டுப் பேசிக்கொள்ளும் பொன்னிறப் புள்ளிகளைத் துடைத்தேன். பேட்டரி மாற்றினேன். அந்த லென்ஸை வேறு கேமராவில் போட்டேன், வேலை செய்தது. அந்தக் கேமராவில் வேறு லென்ஸ் போட்டேன், அதுவும் வேலை செய்தது. இரண்டையும் சேர்த்து மேசையில் வைத்தேன். பிழையே இல்லை.

“உங்க முன்னாடி மட்டும் நல்ல புள்ளையா இருக்குது பாருங்க,” என்றான் பர்சலோய். “மேசையில வச்சா எப்படித் தெரியும்? எங்க வண்டியில வைக்கிற மாதிரி வைங்க.”

பையிலிருந்து ஒரு துணி மூட்டையை எடுத்தான். உள்ளே முகாம் சமையலறையின் பீன்ஸ். ஜன்னல் விளிம்பில் அதைப் போட்டு, அதன் மேல்தான் லென்ஸைக் கிடத்துவார்கள்.

“இதையுமா தூக்கிட்டு வந்தே?”

“வழியில பசிச்சா வேகவச்சுக்கலாம்ல.”

மூட்டையின் மேல் லென்ஸ், பின்னால் பிடியில்லாமல் தொங்கும் கேமரா. அவ்வளவுதான், பிழை வந்துவிட்டது. கேமராவை ஒரு விரலால் மேலே தாங்கினேன், போயிற்று. விரலை எடுத்தேன், மறுபடி வந்தது.

“நீ போய் டீ குடிச்சுட்டு வா,” என்றேன்.

[அவனை ஏன் அனுப்பினேன்?]

5

லென்ஸின் பின்பக்க உலோக வளையத்தை நான்கு ஸ்க்ரூக்கள் பிடித்திருக்கும். கழற்றினேன். மூன்று தளர்ந்திருந்தன. நான்காவது குட்டை. தலை ஒரே அளவு, உடம்பு பாதி. அது பிடிக்காததால் மற்றவையும் தளர்ந்து, கேமரா தொங்கினால் வளையம் விலகி, பொன்னிறப் புள்ளிகள் தொடாமல் போகின்றன.

விழுந்த அடையாளம் எங்கும் இல்லை.

ஏப்ரலில் இந்த லென்ஸின் ரப்பர் வளையத்தை மாற்றியவர் ஒருவர். கழற்றிய ஸ்க்ரூக்களைச் சோடா மூடியில் வைப்பது அவர் வழக்கம். அதில் ஒன்று உருண்டு எங்கோ போனது. சின்ன லென்ஸின் ஸ்க்ரூ ஒன்றை எடுத்து, வெளியே பார்த்தால் தெரியாது என்று முடுக்கிவிட்—

நான்தான். ‘ஒருவர்’ இல்லை, நான். இரண்டாம் தொடக்கத்தை எழுதும்போதே இது எனக்குத் தெரியும். வெட்கமாக இருக்கிறது.

6

முடிவு அ: ‘கீழே விழுந்ததால்.’ ஞாவிரா அம்மா நம்பிவிடுவார்.

முடிவு ஆ: ‘என் தவறு.’ மாராவின் முகாம்கள் எல்லாம் ஒரே ரேடியோவில் பேசிக்கொள்பவை. அப்புறம் யாரும் என்னிடம் லென்ஸ் அனுப்ப மாட்டார்கள்.

முடிவு இ: ‘புழுதி. துடைத்தேன், சரியாயிற்று.’ யார் மேலும் பழி இல்லை. எனக்கு மிகவும் பிடித்த முடிவு. ஞாவிரா அம்மாவுக்குப் போன் போட்டு ஆழம் பார்த்தேன்.

“மேடம், தூசியா இருந்தா...”

“தூசியா? அப்போ தொடைக்காம விட்டதும் அவன்தானே ஃபுண்டி? எழுதி அனுப்புங்க.”

ஆக, இ என்பதும் அ-தான்.

7

பர்சலோய் திரும்பி வந்துவிட்டான். எனக்கும் சேர்த்து எண்ணெயில் பொரித்த மண்டாசி ரொட்டி இரண்டு, சூடாக.

“காரணம் கெடச்சுதா?”

“பாத்துக்கிட்டிருக்கேன்.”

“நிதானமாப் பாருங்க. உங்களை நம்பித்தானே வந்திருக்கேன்.”

அவன் பார்வை மேசைக்கு வந்தது. சட்டென்று, கழற்றிய ஸ்க்ரூக்கள் கிடந்த சோடா மூடியின் மேல் இடது கையை வைத்துவிட்டேன். இன்னும் எடுக்கவில்லை. வலது கையால் இதை எழுதுகிறேன். குட்டையானது எது என்று தொட்டாலே தெரிகிறது.

காரணம்: ........................

இந்த வரியை நீங்கள் எழுதுங்கள். பேனாவை என்னிடம் திருப்பித் தர வேண்டாம். இவ்வளவு நேரம் உங்களிடமே எப்படி மறைத்து மறைத்து எழுதினேன் என்று பார்த்தீர்கள் அல்லவா?