சந்தனம் பூசிய கம்ப்யூட்டர்

பீ... பீ... பீ... என்று கம்ப்யூட்டர் அலறியது. நிற்கவேயில்லை. வராந்தாவில் சீட்டுக்குக் காத்திருந்த நோயாளிகள் எழுந்துவிட்டார்கள். "வெடிக்கப் போவுது, வெளிய வாடி!" என்று ஒரு பெரியவர் மனைவியை இழுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

ஏ.சி. அறையிலும் ராணியம்மாளுக்கு வியர்த்தது. கம்ப்யூட்டர் முன்னால் இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தே ஐந்து நிமிடம் ஆகவில்லை.

எண்பத்தெட்டில் திருவண்ணாமலை டாக்டர் சக்கரவர்த்தியின் நர்சிங் ஹோமுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது, "அதும் முன்னால உக்காந்தா கண்ணு அவிஞ்சிடும்டி, கர்ப்பப்பை கெட்டுடும்" என்று மற்ற நர்சுகளை மிரட்டியவள் அவள்தான். மெட்ராஸிலிருந்து ஆள் வந்து சொல்லிக்கொடுத்தபோது, துணிந்து போய்க் கற்றுக்கொண்டவள் வேதா ஒருத்திதான்.

அப்புறம்தான் டாக்டர் சொன்னார்: கம்ப்யூட்டரில் உட்காருகிறவளுக்கு இனி நைட் டியூட்டி கிடையாது.

ராணியம்மாளுக்கு வயிறு எரிந்தது. ராத்திரி ராத்திரியாக நின்று கால் நரம்பெல்லாம் முடிச்சு விழுந்தவள் அவள். நேற்று வந்தவளுக்கு நாற்காலியும் குளுகுளு அறையுமா?

வேதா சின்ன வயசிலேயே புருஷனைப் பறிகொடுத்தவள். ராணியம்மாளுக்கு அது போதுமாயிருந்தது. டாக்டரின் மனைவி மணியம்மாளின் காதில் போய் மெதுவாக ஊதினாள்.

"வெள்ளிக்கிழமை பூஜ போட்டு ஆரம்பிக்கிறீங்க. பொட்டில்லாதவ கையாலயா மொத சீட்டு போடறது? சீக்காளிங்க வாங்கினு போற சீட்டாச்சேம்மா."

மணியம்மாள் பதறிப்போனாள். வெள்ளிக்கிழமை காலையில் வேதாவை வார்டுக்கு அனுப்பிவிட்டு, ராணியம்மாளை உட்கார வைத்தாள். ராணியம்மாளும் கம்ப்யூட்டருக்கு விபூதிப் பட்டை போட்டு, குங்குமம் வைத்து, பக்தியோடு கீபோர்டில் ஒவ்வொரு சாவிக்கும் சந்தனம் வைத்தாள். கரைத்த சந்தனம் இடுக்கில் இறங்கியது. அழுத்திய சாவி மேலே எழும்பவில்லை. கம்ப்யூட்டர் கத்த ஆரம்பித்தது.

"வேதாவைக் கூப்புடுங்க!" என்று மணியம்மாள் கூவினாள்.

வேதா வந்து செருப்பை வெளியே விட்டுவிட்டு, வாசலிலேயே நின்றாள். "நான் உள்ள வரலாமாம்மா?"

"வாடியம்மா, நேரம் காலம் தெரியாம!"

வேதா சுவிட்சை அணைத்தாள். சாவிப் பலகையைக் கவிழ்த்துத் தட்டி, ஸ்பிரிட் பஞ்சால் சந்தனத்தைத் துடைத்தெடுத்தாள். மறுபடி போட்டதும் திரையில் பச்சை எழுத்துகள் சத்தமில்லாமல் வந்து நின்றன. அவள் கை சாவிகளை நோக்கிப் போனது.

"போதும், போதும்" என்று மணியம்மாள் தடுத்தாள். "நீ பின்னால நின்னு சொல்லு, ராணி தட்டட்டும். இனிமே தெனமும் இப்படித்தான். அவளுக்குப் பழகினதும் நீ பழயபடி நைட்டுக்குப் போயிடு."

"ராத்திரில ஊசி போட மட்டும் என் கை ஆவுமாம்மா?"

"அது வேற, இது வேற. தப்பா நெனைக்காத வேதா. ராணிக்கு இருக்கிற கொடுப்பினை உனக்கு இல்லியே. லாரி ஓட்டிக்கினு ஊரூராப் போனாலும் புருஷன் அவள பூவும் பொட்டுமா வெச்சிருக்கான்."

வேதா நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றாள்.

ராணியம்மாள் கேட்டதெல்லாம் கிடைத்துவிட்டது. ஆனால் 'கொடுப்பினை' என்ற அந்தச் சொல் நெஞ்சில் சுருக்கென்று தைத்தது. சாப்பாட்டு நேரத்தில், "அவரு இருந்தா இப்படி விடுவாராக்கா?" என்று வேதா கண் கலங்கும்போதெல்லாம் இவளுக்குள் ஏதோ கருகும். சொல்லி அழ வேதாவுக்கு ஒரு நல்ல புருஷனாவது இருந்தான். நாற்காலிக்கும் நைட் டியூட்டிக்கும் முன்பே தொடங்கிய பொறாமை அது.

அவள் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள்.

"எங்க ராணி எழுந்துட்ட? மொத சீட்டு போடு!"

"எங்க வூட்டுக்காரரு லாரில ஒண்ணும் போவலம்மா. எட்டு வருஷமா கீழ்பென்னாத்தூர்ல வேற ஒருத்தியோட குடும்பம் நடத்துறாரு. புருஷன் இருக்கிறவளுக்குத்தான் இந்த நாற்காலின்னா, அவளையே கூட்டியாந்து உக்கார வைங்க."