முடிந்ததைப் போடும் பெட்டி

கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் வெண்கலம். அவர் வாய்ப்பாடு சொன்னால் அடுத்த தெருவில் தூங்குகிற குழந்தை எழுந்துகொள்ளும். அப்படிக் கத்தியே சம்பளம் வாங்கிய மனுஷனுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. அறுத்து எடுத்தார்கள். கட்டியோடு குரலும் போனது. மண்ணில் செருப்பை இழுக்கிற மாதிரி ஒரு கரகரப்பு மட்டும் மிஞ்சியது.

தலைமையாசிரியர் வாய் நிறையச் சிரித்துக்கொண்டு கூப்பிட்டனுப்பினார். மேலதிகாரி அவ்வளவு சிரித்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

"சிறப்புக் குழந்தைங்க வகுப்புக்கு ஆள் இல்ல சார். கொஞ்சம் பேர்தான். கத்த வேண்டியதில்ல, உங்களுக்கும் ஓய்வா இருக்கும்."

"ஓரங்கட்டுறீங்க. அதை நேரா சொல்லிட்டுப் போங்களேன்."

பயிற்சி என்று சில வாரம் அனுப்பினார்கள். அங்கே பேசினவர்கள் ஒருவரும் ஒரு குழந்தையின் மூக்கைக்கூடத் துடைத்தவர்களாகத் தெரியவில்லை. திரும்பி வந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இருந்த அந்த அறைக்குள் நுழைந்தார். ஆயா துடைப்பமும் கையுமாக நின்றாள்.

"வாங்க சார். இங்க யாரும் உங்களை மதிக்க மாட்டாங்க. என்னையே மதிக்கிறதில்ல."

அந்த வகுப்பில் எறும்பு என்று ஒரு சிறுமி. எதைக் கொடுத்தாலும் வரிசையாக அடுக்குவாள், அதனால் ஆயா வைத்த பெயர். பேச்சு வராது. சொன்னால் ஏறாது, காட்டினால் ஏறும். சுவரில் அவளுக்கென்று ஒரு பட்டை. அதில் ஒட்டி எடுக்கிற பட அட்டைகள்: தண்ணீர், மணி கோர்ப்பது, சாப்பாடு, ஊஞ்சல், பை. ஒரு வேலை முடிந்ததும் அந்த அட்டையைப் பிய்த்துக் கீழே இருக்கிற மூடி போட்ட பெட்டியில் போடவேண்டும். பெட்டிக்குள் போனால் அது முடிந்தது, இன்றைக்குத் திரும்ப வராது. பட்டையின் கடைசியில் அவள் அம்மாவின் போட்டோ. அது மட்டும் பெட்டிக்குப் போகாது. அதை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடி அம்மா கையில் கொடுப்பாள். அம்மா அதை வாத்தியாரிடம் கொடுத்துவிட்டு மகளைக் கூட்டிப்போவாள்.

முதலில் எறும்பு எல்லா அட்டையையும் தாண்டிக் கடைசிக்குத்தான் கை நீட்டினாள். வாத்தியார் விடவில்லை. எல்லா அட்டையையும் திரும்ப ஒட்டி, முதலிலிருந்து ஆரம்பிக்க வைத்தார்.

"பாவம் சார், விடுங்க," என்றாள் ஆயா.

"விடை தப்பா வந்தா முதல் வரிக்குப் போகணும். கணக்குல விடுறதுன்னு ஒண்ணு கிடையாது."

பிள்ளை அழுதது, கடித்தது. ஆனால் கற்றுக்கொண்டது. வரிசை தவறாமல் ஒருநாள் முடித்து அம்மாவிடம் ஓடியபோது வாத்தியாருக்குக் கண் கலங்கியது. பரீட்சையில் எத்தனையோ பேரை நூற்றுக்கு நூறு வாங்க வைத்தவர். அப்போதெல்லாம் கலங்காத கண்.

காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அம்மா திரும்பவில்லை. காரியமெல்லாம் முடிந்து மகளைக் கூட்டிவந்த அப்பன் ஒரு மெக்கானிக். கிரீஸ் ஏறிய விரல்களைப் பார்த்தபடியே பேசினான்.

"வாசலையே பாத்துக்கிட்டு இருக்கா சார். வீட்ல அவ அம்மா படத்தை எல்லாம் எடுத்துட்டோம். நீங்களும் எடுத்துடுங்க."

வாத்தியாருக்கும் அது சரியாகத்தான் பட்டது. அம்மா போட்டோவைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அந்த இடத்தில் அப்பன் போட்டோவை ஒட்டினார்.

எறும்பு தண்ணீர் குடித்தாள், மணி கோர்த்தாள், சாப்பிட்டாள், ஊஞ்சல் ஆடினாள், பையை மாட்டினாள். கடைசி அட்டையைப் பார்த்தாள். வாசலில் அப்பன் நிற்பதையும் பார்த்தாள். பிறகு பையைக் கழற்றினாள். பெட்டியைத் திறந்து எல்லா அட்டையையும் எடுத்து வரிசையாகத் திரும்ப ஒட்டினாள். குவளையை எடுத்துத் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தாள்.

"என்னடா கண்ணு, வீட்டுக்குப் போலாம் வா," என்றான் அப்பன்.

அவள் கோர்த்த மணிகளை எல்லாம் உருவிக் கொட்டி, முதல் மணியிலிருந்து கோர்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ன சார் பண்றா?"

வாத்தியார் சுவரில் இருந்த பட்டையைப் பார்த்தார். "எங்கேயோ தப்புப் பண்ணிட்டோம்னு நினைக்கிறாப்பா. சரியா முடிச்சா அம்மா வருவான்னு... நான்தான் அப்படிப் பழக்கினேன்."

பள்ளிக்கூடம் காலியான பிறகும் அவள் காலிச் சாப்பாட்டு டப்பாவில் கைவிட்டு வாயில் வைத்து மென்றாள். ஆயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கடைசியில் அப்பன் அவளை அலற அலறத் தூக்கிக்கொண்டு போனான்.

மறுநாள் காலையில் வாத்தியார் அவளைப் பட்டைக்கு முன்னால் உட்கார வைத்து, அம்மா போட்டோவை எடுத்துக் காட்டினார். அவள் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்காத மாதிரி இருப்பதற்குத்தான் அவருக்குத் தெம்பு போதவில்லை. ஆனாலும் போட்டோவைப் பெட்டிக்குள் போட்டு மூடினார்.

அவள் திறந்து எடுத்துப் பட்டையில் ஒட்டினாள். அவர் மெதுவாகப் பிய்த்துத் திரும்பப் பெட்டியில் போட்டார். அவள் எடுத்தாள். அவர் போட்டார்.

"போதும் சார். கல்நெஞ்சுக்காரனா நீங்க?" என்று ஆயா கத்தினாள்.

"வேற எப்படிச் சொல்லுவேன்? எனக்கும் வாய் இல்ல, அவளுக்கும் இல்ல."

மதியத்துக்கு மேல் அவள் எடுப்பதை நிறுத்தினாள். பெட்டியின் மூடியைத் தடவிப் பார்த்தாள். அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள். சாப்பிடவில்லை, அழவுமில்லை. யாரையும் கிட்டே விடவில்லை.

சாயங்காலம் அப்பன் வந்து வாசலில் நின்றான். எறும்பு இறங்கினாள். பெட்டியை இரண்டு கையாலும் தூக்கி வயிற்றோடு அணைத்துக்கொண்டு அவனை நோக்கி நடந்தாள்.

"சார், அது ஸ்கூல் சாமான்," என்று ஆயா மெல்லச் சொன்னாள்.

"போகட்டும்."

அப்பன் பெட்டியோடு சேர்த்து அவளைத் தூக்கிக்கொண்டான். அவள் அலறவில்லை.

தண்ணீர், மணி, சாப்பாடு, ஊஞ்சல், பை, அப்பன் எல்லாம் சுவரில் அப்படியே இருந்தன. வாத்தியார் ஒவ்வொன்றாகப் பிய்த்தார். போட இடமில்லாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.