ஒரே மாதிரி இருந்த படங்கள்

அப்பாவின் ஸ்டுடியோவில் அக்கா கணினித் திரையில் அவர் எடுத்திருந்த ஒரு குடும்பப் படத்தைப் பெரிதாக்கினாள். நடு நாற்காலியில் இருந்த மூதாட்டியின் கண்கள் இரண்டும் இறுக மூடியிருந்தன.

"சரி, வேற படத்துலேர்ந்து கண்ண எடுத்து ஒட்டிடலாம். மத்ததெல்லாம் எங்கடி?"

தங்கை தடுப்பின் பக்கம் எட்டிப் பார்த்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் அப்பா யாரையோ ஸ்டூலில் உட்காரவைத்து, பாஸ்போர்ட் படத்துக்கு முகவாயை நிமிர்த்தச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"கத்தாதக்கா. நான் அழிச்சிட்டேன்."

"எத?"

"எல்லாம் ஒரே மாதிரிதான் இருந்துச்சு. நல்லதா ஒண்ண மட்டும் வெச்சுக்கிட்டேன். மழை விட்டுச்சா, சுவத்துல ஜன்னல் நிழல் அப்படி விழுந்துச்சுக்கா. என் கேமராவுல மெமரி கார்டு நெறஞ்சுபோச்சு. அப்பா கார்ட எடுத்துப் போட்டு, எடம் பத்தலைன்னு அழிச்சேன்."

"அடிப்பாவி! கூட்டத்துல யாராவது ஒருத்தர் கண்ண மூடுவாங்கன்னுதானே அப்பா ஒரே படத்த ஏழெட்டுவாட்டி எடுக்கறாரு! அழிச்சத மீட்டெடுக்கவும் முடியாது, அந்த எடத்துலயே உன் நிழல் படமெல்லாம் ஏறி உக்காந்திருக்கு."

"அப்பா கேமராவப் புடுங்கிடுவாருக்கா. மாமா வாங்கிக் குடுத்தப்பவே அந்தக் குதி குதிச்சாரு."

"புடுங்கட்டும். எனக்குச் சந்தோஷம்தான்."

கதவு திறந்தது. அந்தக் குடும்பப் படத்துக்குச் சொல்லியிருந்த மருந்துக்கடைக்காரர்தான். அப்பா அவரை உள்ளே அழைத்துவந்து திரையைப் பார்த்தார். அப்பாவின் முகம் கறுத்தது.

"மத்தது எங்க?" என்றார் அக்காவிடம். அவள் தங்கையைப் பார்த்தாள்.

மருந்துக்கடைக்காரரும் திரையில் குனிந்தார். "என்னய்யா இது? எங்கம்மா உயிரோட இருக்கும்போதே மாலை போட்டு மாட்டச் சொல்றியா? அண்ணன் தம்பிங்க ஆளுக்கொரு நாட்டுக்கு ஃப்ளைட் ஏறிட்டாங்க. இனி எப்ப ஒண்ணு சேருவோம்?"

தங்கை எழுந்து நின்றாள். "அங்கிள், அப்பா நெறைய எடுத்தாரு. நான்தான் தெரியாம அழிச்சிட்டேன்."

அவர் அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு அப்பாவிடம் திரும்பினார். "நல்லா இருக்குய்யா. தொழில் தெரியலைன்னா ஒத்துக்க. பெத்த பொண்ண முன்னால தள்ளி சாக்கு சொல்ல வைக்கறியே, வெக்கமா இல்ல?"

"இல்ல அங்கிள், நெஜமாவே..."

"வாய மூடு" என்றார் அப்பா. பிறகு அவரிடம், "தப்பு என்னுதுதான். அம்மாவ மட்டும் வீட்டுல வந்து எடுத்துச் சேத்துத் தரேன்."

"நீ எங்க வீட்டு வாசப்படிய மிதிக்காத. எங்க தெருவுல இனி யாரும் உன்னக் கூப்பிட்டாப் பாரு."

கதவு அதிர்ந்து சாத்திக்கொண்டது. அப்பா மவுஸை வாங்கி, தங்கை எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். ஈரச் சுவர். சாய்ந்த நிழல். மறுபடியும் நிழல். ஒன்றில் மட்டும் கை நின்றது.

"நல்லாத்தான் எடுத்திருக்க, கலாராணி."

தங்கை கழுத்திலிருந்த கேமராவைக் கழற்றி நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"அது எனக்கெதுக்கு? உங்க மாமா வாங்கினது, நீயே வெச்சுக்க. எவ்ளோ வேணா எடு." மவுஸை மேசையில் வைத்தார். "எடுத்ததத் தூக்கிட்டு வந்து என்கிட்ட மட்டும் காட்டாத."

தடுப்புக்கு அந்தப் பக்கம் ஸ்டூலில் இருந்தவர் இருமினார். "இதோ வந்துட்டேங்க" என்று அப்பா போனார். "முகவாய நிமித்துங்க. கண்ண மூடாதீங்க."

நீட்டிய கையை மடக்க அவளுக்குத் தோன்றவே இல்லை.