விடியாத பதினேழு நாட்கள்

…இன்றைக்குப் பதினோராம் நாள்தானே, இருபத்தெட்டு வரைக்கும் எப்படி டிக் அடித்தார், நாளைக்கு விழுங்கப்போகிற மாத்திரையை இன்றைக்கே விழுங்கியதாக யாராவது எழுதுவார்களா… மதுரை பஸ்ஸின் குலுக்கலில் ஞானபூரணி ஆஸ்பத்திரியில் கொடுத்த மருந்து நோட்டை மறுபடி புரட்டினாள், ‘இன்று ஏதாவது தொந்தரவு?’ என்ற கட்டத்தில் வரிசையாக இல்லை, இல்லை, இல்லை, இனிமேல்தான் விடியவேண்டிய பதினேழு நாளிலும் இல்லையாம்! பக்கத்தில் அவள் கணவர் சுந்தர்ராஜ், தாயில்பட்டிப் பட்டாசுக் கம்பெனியில் இருபது வருடம் போர்மேன், ஜன்னலையே பார்த்திருந்தார். “பாதுகாப்பு ரிஜிஸ்டர்ல திங்கக்கிழமையே வாரம் பூரா கையெழுத்துப் போட்டுருவோம்லா, அந்தப் பழக்கம் பூரணி.” “கம்பெனிக்கு அது போதும்ங்க, கர்த்தருக்குப் போதுமா?” “கர்த்தரா நோட்டப் பாக்காரு? ருமானா நர்சுல்லா பாக்குது.” சிரிப்பு வேறு. இரண்டு தடவை நுரையீரல் கட்டியில் ஊசி குத்திச் சதை எடுத்து, அபூர்வமான மரபணுக் கோளாறு என்று கண்டு, அதற்கென்றே வந்த புது மருந்தின் சோதனையில் ஒரே ஒரு இடம் கிடைத்து… இந்த நோட்டைப் பார்த்தால் வெளியே அனுப்பிவிட மாட்டார்களா? வேறு நோட்டு வாங்கித் திருத்தி எழுதிவிடலாமா, ஞாயிறு வகுப்பில் பொய்ச்சாட்சி கூடாது என்று சொல்லிக்கொடுக்கிற இதே கையாலா, அதுவும் எம்புட்டு மருந்து உடம்பு தாங்கும் என்று இவரை வைத்துத்தானே அளக்கிறார்கள், இவர் இல்லை என்று எழுதினால் அடுத்து வருகிறவருக்கும் இதே அளவுதானே, அது யார் வீட்டுப் பிள்ளையோ…

போன் அடித்தது. ருமானாதான், வேலைக்குப் போகுமுன் தினமும் தன் போனிலிருந்து கூப்பிடுகிற பெண். “எங்கன வந்துட்டீக அய்யா? சாப்பிட்டீகளா? ஒடம்பு எப்படி இருக்கு?” “நல்லா…” என்று ஆரம்பித்தவர் மனைவியின் மடியிலிருந்த நோட்டைப் பார்த்து நின்றார். “உள்ளங்கால் தீயா எரியுது தாயி. ஆறு நாளாச்சு.” “ஏன் அய்யா சொல்லல?” “இல்லன்னு மொதல்லயே எழுதிட்டேன்லா… பெறவு, மருந்த நிறுத்திட்டீகன்னா?” “நேர்ல வாங்கய்யா, டாக்டர்ட்ட பேசுவோம். நோட்டுல எதையும் அழிக்காம அப்படியே கொண்டாங்க.” இடம் போகுமா இருக்குமா, அவள் சொல்லவில்லை. ஆறு நாள், ஒரே வீட்டில்… ஞானபூரணியும் உடம்பு எப்படி என்று தினமும் கேட்டாள்தானே, கேட்டாள், பாடம் நடத்தக் கிளம்பி, ஸ்கூல் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, படி இறங்கிக்கொண்டே, எரியுது என்று அவர் சொல்லியிருந்தால் நின்றிருப்பாளா, நின்றிருப்பாள், கட்டாயம்… அல்லது, அவர் சொல்லிவிடுவாரோ என்றுதான் அவ்வளவு வேகமாக இறங்கினாளா?