ஐந்நூற்றுப் பதின்மூன்றாவது இடம்

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மில்வாக்கியில் என் கார் ஷெட்டின் கதவு இறங்குவதற்கு முன் விளக்கு இரண்டு முறை கண்சிமிட்டும். அதிலிருந்து வந்த கதை இது. அதைச் சிமிட்ட வைத்தவள் வெர்னா. கதவுக் கம்பெனியில் ஆறு வருடம் எனக்கு அடுத்த மேசை. அவளைப் பற்றி முந்நூறு சொல்லுக்குள் எழுதச் சொன்னார் பத்திரிகை ஆசிரியர். முந்நூறு சொல்லில் என்னால் தும்மக்கூட முடியாது.

2.

(முதல் தொடக்கம், அடித்துவிட்டேன்: "வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது, வெர்னாவின் மனத்திலும்..." பனிக்கு இங்கே இடமில்லை.)

விஷயம் இதுதான். தொண்ணூற்று மூன்றில், கதவை ஓட்டும் சிப்பில் கட்டளைகளுக்கு 512 இடம். ஒரு கட்டளைக்கு ஓரிடம். வெர்னாவின் நிரல் 515. மாலை ஐந்து மணிக்குள் ஆலைக்கு அனுப்பியாக வேண்டும்.

நிரலின் கடைசியில் இரண்டு எழுத்துகள் ஆளுக்கோரிடம் பிடித்துச் சும்மா உட்கார்ந்திருந்தன: வெர்னாவின் 'வி', டெல்பர்ட்டின் 'டி'. வேலை செய்தவர்கள் முதலெழுத்தைச் சிப்புக்குள் விட்டுவைப்பது எங்கள் வழக்கம். டெல்பர்ட் நிரல் எழுதுபவன் அல்ல. கதவு ஆள்மேல் பட்டதும் திரும்பி ஏறுகிறதா என்று பார்க்க இரண்டு வாரம் சிமெண்டுத் தரையில் படுத்துக் கிடந்தவன். பத்தொன்பது வருடத்தில் அவன் எழுத்து ஏறும் முதல் சிப் இது. மனைவியிடம் சொல்லியும்விட்டான்.

3.

வெர்னா முதலில் தன் எழுத்தை அழித்தாள். 514.

"உன் எழுத்தையா தூக்குன? பைத்தியமா உனக்கு?" என்றான் டெல்பர்ட், வாய் நிறைய டோனட்டோடு.

"என்னோடது ஏற்கெனவே பதினோரு சிப்புல இருக்கு. நீ தூள் சிந்தாம தின்னு."

கொஞ்ச நேரத்தில் அவளே கூப்பிட்டாள். "இங்க பாரு. 'விளக்குக்குப் போயிட்டு வா'ன்னு ஒரு வரி. அடுத்த வரி, 'வீட்டுக்குத் திரும்பு'. எதுக்கு ரெண்டு? 'விளக்குக்குப் போ'ன்னு மட்டும் சொன்னா, விளக்கு சிமிட்டுற வேலைய முடிச்சிட்டு அது அப்படியே வீட்டுக்குத் திரும்பிடும்."

"என்னைக் கடைக்கு அனுப்புனா நானும் அப்படித்தான். ஆபீசுக்கு வரவே மாட்டேன்."

513.

மணி நாலே முக்கால். டெல்பர்ட் கையைத் துடைத்துக்கொண்டான். "என்னோடதையும் எடுத்துடு வெர்னா. கதவுக்குத் தெரியவா போகுது?"

"வீட்ல என்ன சொல்லுவ?"

"கதவு என் பேர் மேல ஏறிடுச்சின்னு சொல்றேன்."

சிரித்தான். ஆனால் பாதி டோனட்டைக் கீழே வைத்துவிட்டான். அது எனக்குத் தாங்கவில்லை.

4.

(டெல்பர்ட் இவ்வளவு நல்லவனா? எனக்கே சந்தேகம். என் விசைப்பலகையில் இருமுறை காபி கொட்டியவன். இருக்கட்டும்.)

முடிவு ஒன்று: 'டி' போகிறது. எழுதிப் பார்த்தேன், மனசு வரவில்லை.

முடிவு இரண்டு: வெர்னா அந்த 'விளக்குக்குப் போ' வரியை முறைக்கிறாள். விளக்கு வேலையை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து, அந்த வரிக்கு நேர் கீழே வைத்தால்? 'போ' என்றே சொல்ல வேண்டாமே. நிரல் தானாக அதற்குள் இறங்கிவிடும்.

"டெல்பர்ட், அந்த டோனட்ட எடு," என்றாள்.

எனக்கும் சொற்கள் தீர்ந்துவிட்டன. 'முற்றும்' போட ஓரிடம் இல்லை. பரவாயில்லை, அவள் செய்ததையே நானும் செய்கிறேன். இந்தக் கதைக்கு நேர் கீழே நீங்கள்தான் இருக்கிறீர்கள்; தானாக உங்களுக்குள் இறங்கிவிடும். வெர்னா நிரலை மறுபடி ஓட்டினாள். இருவரும் திரைமேல் குனிந்தார்கள். அதில் வந்த எண்