பீமுக்கு வைத்த மஞ்சள்

ஐம்பத்திரண்டு வயதில் சாரத்தில் ஏறி, தலைக்கு மேல் கிரைண்டரைத் தூக்கிப் பிடித்துக் கான்கிரீட் தேய்ப்பதெல்லாம் ஒரு பிழைப்பா என்று மூன்று நாளாக என்னையே திட்டிக்கொண்டிருந்தேன். கிள்ளானில் ஒரு பழைய கல்யாண மண்டபம். மேல்மாடியைத் தாங்கும் ஆறு கான்கிரீட் பீமிலும் சாய்வாக வெடிப்பு. இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்தி, மேல்பரப்பைத் தேய்த்து, முனைகளை மழுக்கி, பசை தடவி, கார்பன் இழைத் துணியை இறுக்கிச் சுற்ற வேண்டும். துணி கான்கிரீட்டைக் கெட்டியாகப் பிடித்தால்தான் பலம். இல்லையென்றால் அது வெறும் திரைச்சீலை.

அன்று சனிக்கிழமை. அன்றைக்கே ஒட்டினால் பசை காய ஏழு நாள். அடுத்த சனிக்கிழமை முட்டுகளைக் கழற்றலாம், ஞாயிறு முகூர்த்தம். மணப்பெண் தாமரை, மண்டபத்தைக் கூட்டிப் பெருக்கும் இராஜம்மாவின் மகள். பத்திரிகை கொடுத்து முடித்தாகிவிட்டது.

சாரத்தில் ஏறியவன் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஆறு பீமின் அடியிலும் நல்லெண்ணெயில் குழைத்த மஞ்சள், நீளநீளமாய்ப் பட்டை. நடுவில் குங்குமம் வேறு.

"நேத்து நீங்க போன பிறகு நான்தாண்ணே வச்சேன்," என்று கீழேயிருந்து சிரித்தார் இராஜம்மா. "நோவுபட்ட பீமாச்சே. புதுத்துணி சுத்துறதுக்கு முந்தி மஞ்சள் வைக்க வேணாமா?"

எண்ணெய் குடித்த கான்கிரீட்டில் பசை பிடிக்காது. மறுபடி தேய்க்க இரண்டு நாள்; பிறகு ஒட்டினால் முகூர்த்தத்துக்குள் பசை காயாது. என்னோடு வேலை செய்யும் தனேஷ் முகமூடியை இறக்கினான்.

"சுத்திட்டா யாருக்கு லா தெரியும் பாஸ்? திரும்பத் தேய்க்க என் தோள்ல ஜீவன் இல்ல."

எனக்கு மட்டும் இருந்ததா? சரி, சுற்றித் தொலை என்று சொல்லத்தான் நினைத்தேன். ஆனால் மேல்மாடியில்தான் பந்தி. முந்நூறு பேர் இந்தப் பீம்களின் மேல் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். இறங்கி வந்து இராஜம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அவருக்குப் புரிய கொஞ்ச நேரமானது. புரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"நான் செஞ்சதுன்னு எம்மககிட்ட மட்டும் சொல்லாதீங்கண்ணே. காலத்துக்கும் என்னை மன்னிக்க மாட்டா."

நிர்வாகத்துக்குப் போன் போட்டு, பீமில் ஈரம் இருந்ததை நான் கவனிக்கவில்லை, தப்பு என்னுடையது, அடுத்த வாரம் மண்டபம் திறக்க முடியாது என்றேன். அவர்கள் திட்டியதையெல்லாம் வாங்கிக்கொண்டேன். திட்டு வாங்கவும் தெம்பு வேண்டும். அதுவும் அன்று இல்லை.

மத்தியானம் தாமரை வந்தாள். வேலையிடத்துச் சீருடையோடு நேரே ஓடி வந்திருந்தாள்.

"ஒரு வேலைய ஒழுங்கா செய்ய மாட்டீங்களா அங்கிள்? எங்கம்மா பன்னெண்டு வருஷம் கூட்டின மண்டபம் இது. ஒரே ஒரு நாள்தான கேட்டோம்?" சொல்லிக்கொண்டே அழுதாள்.

இராஜம்மா வாயைத் திறந்தார். உண்மையைச் சொல்லிவிடப் போகிறார் என்றே நினைத்தேன்.

"விடு தாமரை," என்றார். "வயசானவரு. கவனமில்லாம செஞ்சிட்டாரு. நாமதான் மன்னிச்சு விடணும்."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவரை முறைத்தேன். அவர் என் பக்கமே திரும்பவில்லை. மகளின் கையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தார். வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, கிரைண்டரை எடுத்துக்கொண்டு சாரத்தில் ஏறினேன்.